பாஸ்டன் டிரினிட்டி ஆலயம்: ரிச்சர்ட்சனின் கோபுரமும் அதன் அடியில் இருக்கும் 4,500 மரங்களும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காப்ளி சதுக்கத்துக்கு வருகிறவர்கள் டிரினிட்டி ஆலயத்தின் நடுக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 211 அடி உயரம். சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த கருங்கல் சுவர், அதில் பட்டை பட்டையாகச் செம்பழுப்பு மணற்கல். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் என்ற கட்டடக் கலைஞரின் பெயரை நிலைநிறுத்திய வேலை அது. கட்டுமானக்காரர்களுக்கு அதைவிடச் சுவாரசியமானது கீழ்த்தளம். அங்கே இறங்கினால் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய பிரமிடுகள் தெரியும். பிரமிடுகளுக்குக் கீழே கான்கிரீட், கான்கிரீட்டுக்குக் கீழே மரம். ஆலயத்தின் மொத்தப் பாரமும் ஏறத்தாழ 4,500 மரப் பைல்கள் (மண்ணுக்குள் செங்குத்தாக அடித்து இறக்கிய மரத் தண்டுகள்) வழியாகத்தான் களிமண்ணுக்குள் இறங்குகிறது. அந்தப் பாரத்தை எப்படித் தீர்மானித்தார்கள், மரங்களை எப்படி அடித்தார்கள், பிறகு அந்த மரங்களுக்கு எங்கிருந்தெல்லாம் ஆபத்து வந்தது என்பதே இந்த ஆய்வு.

ஆள் யார்

ரிச்சர்ட்சன் 1838 செப்டம்பர் 29 அன்று லூசியானா மாநிலத்தில் ஒரு தோட்டப் பண்ணையில் பிறந்தார். ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லியின் வழிவந்தவர். ராணுவக் கல்லூரிக்குப் போக வேண்டியவர், திக்குவாய் இருந்ததால் அந்த வழி அடைபட்டது. ஹார்வர்டில் படித்து 1859-ல் பட்டம் பெற்றார். அங்கிருந்து பாரிஸ் போய், எகோல் தே பூசார் பள்ளியில் கட்டடக்கலை பயின்றார். ரிச்சர்ட் மோரிஸ் ஹன்டுக்குப் பிறகு அங்கே சேர்ந்த இரண்டாவது அமெரிக்கர் அவர். இதற்கிடையில் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த வீட்டுப் பணம் நின்றுபோகவே, தியோடோர் லாப்ரூஸ்த் என்ற பாரிஸ் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வரைபட வேலை பார்த்துப் பிழைத்தார். 1865 அக்டோபரில் நாடு திரும்பினார்.

1866-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு தேவாலயம் முதல் வேலையாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் சார்லஸ் கேம்ப்ரிலுடன் கூட்டாக அலுவலகம் போட்டார். 1870 வாக்கில் பாஸ்டனின் பேக் பே பகுதியில் பிராட்டில் ஸ்கொயர் தேவாலயத்தைக் கட்டினார். அதன் கோபுர உச்சிச் சிற்ப வரிசை பார்த்தோல்தியின் வடிவமைப்பு. சுதந்திர தேவி சிலையைப் பிற்பாடு செய்த அதே பார்த்தோல்திதான். கோபுரம் அழகாக வந்தது. உள்ளே பிரசங்கம் காதில் சரியாக விழவில்லை, சபையும் கடனில் மூழ்கியது. ஆனால் பேக் பே மண்ணில் கனமான கல் கோபுரம் எழுப்புவது எப்படிப்பட்ட வேலை என்பதை அவர் அங்கே ஒருமுறை பார்த்துவிட்டிருந்தார்.

இடம்

டிரினிட்டி ஆலயம் நிற்பதும் இதே பேக் பேயில்தான். 'பே' (விரிகுடா) என்ற சொல்லே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த இடம் கடலின் ஏற்றவற்றம் வந்துபோகும் சேற்று நிலம். 1821-ல் மில் ஓட்டுவதற்காக அணை கட்டினார்கள். அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் நகரின் கழிவு சேர்ந்து நாற்றமெடுத்தது. 1850-களின் கடைசியில் அதை நிரப்பத் தொடங்கினார்கள். சுமார் 9 மைல் தொலைவில் உள்ள நீதம் என்ற ஊரில் நீராவி மண்வாரிகள் சரளையை அள்ளின. ரயில் வண்டிகள் இரவும் பகலும் அதைக் கொண்டுவந்து கொட்டின. அந்த நிரப்பல் பல பத்தாண்டுகள் நடந்தது.

மேலிருந்து கீழே போனால் முதலில் கொட்டப்பட்ட சரளையும் மணலும் வரும். அதற்குக் கீழே பழைய கடல் சேறு, கருப்பாக, அழுகிய தாவரங்களோடு. அதன் பிறகு இடத்துக்கு இடம் மாறும் மணல் அடுக்கு, அல்லது காய்ந்து இறுகிய மஞ்சள் களிமண் மேலோடு. அதற்கும் கீழேதான் 'பாஸ்டன் நீலக் களி' எனப்படும் மிருதுவான களிமண் ஆழமாகப் படிந்திருக்கிறது. பாறை அதற்கும் கீழே. 1873-ல் பாறை வரை போவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம் இல்லை. அதற்குச் சற்று முன்புதான் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்குக் காற்றழுத்தப் பெட்டிகளை இறக்கி ஆழம் தோண்டியிருந்தார்கள். ஆனால் அது பாலத்துக்கான செலவு, ஒரு சபை தாங்கும் செலவு இல்லை. ஆலயத்துக்கு மரப் பைல் ஒன்றே வழி.

பேக் பேயில் பைல் அடிப்பவர்களை அடிக்கடி ஏமாற்றுவது நடுவில் வரும் அந்த மணல் அல்லது இறுகிய களி அடுக்குதான். பைல் சேற்றைக் கடக்கும்போது வெண்ணெயில் கத்தி போல இறங்கும். மணல் அடுக்கைத் தொட்டதும் சட்டென்று நிற்கும். அடித்தவர் கெட்டி நிலம் கிடைத்துவிட்டது என்று விட்டுவிடுவார். அந்த அடுக்கு சில அடிதான் கனம், அதற்குக் கீழே மறுபடியும் மிருதுவான களி. நாலு மாடிச் செங்கல் வீட்டுக்கு இது போதும். கல் கோபுரத்துக்குப் போதாது.

போட்டியும் கோபுரத்தின் எடையும்

டிரினிட்டி சபையின் பழைய ஆலயம் நகரின் வணிகப் பகுதியில், சம்மர் வீதியில் இருந்தது. சபை குரு பிலிப்ஸ் புரூக்ஸ் நாட்டிலேயே புகழ்பெற்ற பிரசங்கி. கூட்டம் கொள்ளவில்லை. 1872 வசந்தத்தில் ஆறு கட்டடக் கலைஞர்களை வரைபடம் தரும்படி அழைத்தார்கள். ஜூனில் ரிச்சர்ட்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பர் 9-ம் தேதி பாஸ்டன் பெருந்தீ மூண்டது. பழைய ஆலயம் அதில் போனதால், புது ஆலயத்துக்கான அவசரம் கூடியது.

தேர்வுக்குப் பிறகு சபை பக்கத்திலிருந்த முக்கோணத் துண்டு நிலத்தையும் வாங்கியது. இப்போது மனை நாலு பக்கமும் வீதியால் சூழப்பட்ட தனித் தீவு. மூலையில் ஒரு கோபுரம் வைத்தால் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சரியாகவும் மற்றப் பக்கங்களிலிருந்து ஒதுங்கியும் தெரியும். எனவே கோபுரத்தை நடுவில், சிலுவை வடிவக் கட்டடத்தின் கைகள் கூடும் இடத்தில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கு அடங்கியதாகச் செய்வது என்று ரிச்சர்ட்சன் முடிவெடுத்தார். பார்வைக்கு இது சரியான முடிவு. அஸ்திவாரத்துக்கோ இதைவிட மோசமான முடிவு இருக்க முடியாது. நடுக் கோபுரத்தின் முழுப் பாரமும் நான்கு தூண்களில் குவியும். சுற்றியுள்ள சுவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்கப் போவதில்லை. ஒரே கட்டடத்துக்குள் ஒரு இடத்தில் பெரும் பாரம், பக்கத்திலேயே லேசான பாரம். மிருதுவான மண்ணில் கட்டடங்கள் விரிசல் விடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

முதல் வரைபடத்தில் இருந்தது உயரமான எண்கோணக் கோபுரம். மண்ணையும் எடையையும் கணக்குப் பார்த்த கட்டடக் குழு அதை ஏற்கவில்லை. ரிச்சர்ட்சன் பல முறை திருத்தினார். கடைசியில் கிடைத்த வடிவத்துக்கு முன்மாதிரி ஸ்பெயினின் சாலமான்கா நகரப் பழைய பேராலயத்தின் கோபுரம். அதன் புகைப்படத்தைப் பார்த்து, மூலைகளில் சிறு கோபுரங்களும் நடுவில் கூம்புக் கூரையுமாக, தாழ்ந்து பருத்த உருவமாக மாற்றினார். அப்போது அலுவலகத்தில் இருந்த இளைஞர் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட்டின் கையும் அதில் உண்டு. 'ரிச்சர்ட்சன் பாணி ரோமனெஸ்க்' (ரோமனெஸ்க் என்பது இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) என்று பிறகு அமெரிக்கா முழுவதும் நீதிமன்றங்களிலும் நூலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் நகலெடுக்கப்பட்ட அந்தத் தாழ்ந்த, அகன்ற தோற்றத்தில் பாஸ்டன் சேற்றுக்கும் பங்கு உண்டு என்பதைக் கலை வரலாறு எழுதுபவர்கள் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் நல்லது.

பைல் அடித்த விதம்

1873 ஏப்ரலில் வேலை தொடங்கியது. மரத்தைச் செங்குத்தாக நிறுத்தி, இரு வழிகாட்டிச் சட்டங்களுக்கு நடுவே ஒரு இரும்புச் சுத்தியலை மேலே இழுத்து விழவிடுவதுதான் அந்தக் காலப் பைல் இயந்திரம். மரத்தின் மெல்லிய நுனி கீழே, தடித்த அடி மேலே. அடி வாங்கும் தலை நார் நாராகப் பிளக்காமல் இருக்க இரும்பு வளையம் மாட்டுவார்கள். தலை பிய்ந்து துடைப்பம் போலானால் அடியின் வலுவை அந்த நாரே உறிஞ்சிக்கொள்ளும். பைல் நகராது, பார்ப்பவருக்குக் கெட்டி நிலத்தைத் தொட்டுவிட்டதாகத் தோன்றும்.

ரிச்சர்ட்சனின் ஆட்கள் ஒவ்வொரு பைலுக்கும் குறிப்பு வைத்தார்கள். சுத்தியலின் எடை, கடைசி முறை அடித்தபோது அது விழுந்த உயரம், கடைசி மூன்று முறை அடித்தபோது பைல் இறங்கிய அளவு ஆகியவை அதில் பதிவாயின. ஆயிரக்கணக்கான பைலுக்கு இப்படி எழுதி வைத்தால் மனையின் எந்தப் பகுதி கெட்டி, எது இளக்கம் என்பதற்கு ஒரு வரைபடமே கையில் கிடைத்துவிடும். மண் பரிசோதனை என்ற துறையே பிறக்காத காலத்தில் இதைவிட நல்ல தகவல் யாருக்கும் கிடைத்திருக்காது.

அந்த எண்களை வைத்து என்ன செய்வார்கள்? அமெரிக்க ராணுவப் பொறியாளர் சாண்டர்ஸ் 1851-ல் கொடுத்த சூத்திரம் புழக்கத்தில் இருந்தது. சுத்தியல் எடையை விழும் உயரத்தால் பெருக்கி, கடைசி முறை அடித்தபோது பைல் இறங்கிய அளவின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். புரிவதற்காக ஒரு கணக்கு (இவை ஆலயத்தின் எண்கள் இல்லை): 2,000 பவுண்டு சுத்தியல், 15 அடி உயரம், அதாவது 180 அங்குலம், கடைசி முறை அடித்தபோது 2 அங்குலம் இறக்கம். 2,000 × 180 ÷ 16 = 22,500 பவுண்டு. ஒரு பைல் இவ்வளவைப் பத்திரமாகத் தாங்கும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, களிமண்ணில் அடிக்கும்போது பைலைச் சுற்றி மண் குழைந்து தற்காலிகமாக வலு இழக்கிறது. சில நாள் விட்டால் மறுபடி இறுகுகிறது. அதனால் அடித்த அன்று சொல்லும் எண் உண்மையைவிடக் குறைவு. இது பாதுகாப்பான பக்கத்துப் பிழை. இரண்டாவது ஓட்டை ஆபத்தானது. சூத்திரம் தனிப் பைலைப் பற்றித்தான் பேசுகிறது. நூற்றுக்கணக்கான பைல்களை நெருக்கி அடித்தால் அவை தனித்தனியாக வேலை செய்வதில்லை. பைல்களும் நடுவிலுள்ள மண்ணும் சேர்ந்து ஒரே பெரிய கட்டியாகிவிடும். பாரம் கட்டியின் அடிப்பகுதியில், பைல் நுனிகளுக்குக் கீழேயுள்ள களிமண்ணில் போய் உட்காரும். களிமண் தன்னுள் உள்ள நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிப் பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். எந்தச் சுத்தியல் அடியும் இதை முன்கூட்டிச் சொல்லாது.

கோபுரத்தின் கீழ் சுமார் 90 அடிச் சதுரத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பைல்கள் அடிக்கப்பட்டன. 8,100 சதுர அடியில் 2,000 பைல் என்றால் ஒரு பைலுக்கு 4 சதுர அடி. அதாவது மையத்திலிருந்து மையத்துக்கு ஏறத்தாழ 2 அடி. இதற்கு மேல் நெருக்கினால் புதுப் பைல் இறங்கும்போது பக்கத்துப் பைல் மேலே எழும்பும். எழும்பியதை மறுபடி அடித்தால் இன்னொன்று எழும்பும். ஆகவே இது நடைமுறைக்கு உட்பட்ட உச்ச நெருக்கம் என்றே சொல்லலாம்.

அடித்து முடித்ததும் எல்லாத் தலைகளையும் ஒரே மட்டத்தில் அறுத்தார்கள். ஆலயத்தின் வாழ்நாளை நிர்ணயித்தது இந்த அறுப்பு மட்டம்தான். அந்தக் காலப் பேக் பே வழக்கப்படி கடலின் சராசரி வற்று மட்டத்துக்கு ஏறக்குறைய 5 அடி மேலே அறுப்பார்கள். நிலத்தடி நீர் அதைவிட இரண்டு மூன்று அடி மேலே நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. கையில் இருந்த மிச்சம் அந்த இரண்டு மூன்று அடிதான். இன்னும் ஆழமாக அறுத்திருக்கலாமே என்று இன்று கேட்பது எளிது. ஆழம் கூடக் கூடத் தண்ணீர் இறைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும், கல் வேலையும் கூடும், செலவும் கூடும். சபை முதலில் ஒதுக்கியது 2 லட்சம் டாலர். முடிவில் செலவு 6 லட்சத்தைத் தாண்டியது.

பிரமிடுகளின் கணக்கு

அறுத்த தலைகளைச் சுற்றியும் மேலேயும் 2 அடி கனத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். அதன் மேல் நான்கு தூண்களுக்கும் நான்கு கருங்கல் பிரமிடுகள். ஒவ்வொன்றும் அடியில் 35 அடிச் சதுரம், உச்சியில் 7 அடிச் சதுரம், உயரம் 17 அடி. பெரிய பாறைத் துண்டுகளைச் சிமென்ட்டில் பதித்து, இடைவெளி இல்லாமல் கட்டியவை.

கோபுரத்தின் எடை ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பவுண்டு. சுமார் 8,600 டன். நான்கு உச்சிகளின் பரப்பு மொத்தம் 196 சதுர அடி. அங்கே அழுத்தம் சதுர அடிக்கு சுமார் 97,000 பவுண்டு. அடிப்பரப்பு 4,900 சதுர அடி. அங்கே அழுத்தம் 3,900 பவுண்டுக்குக் கீழே வந்துவிடுகிறது. 17 அடி உயரத்துக்குள் அழுத்தம் 25-ல் ஒரு பங்காகிறது. பிரமிடின் பக்கங்கள் 14 அடி கிடைக்கு 17 அடி செங்குத்து என்ற சரிவில் இறங்குகின்றன. இழுவிசை தாங்காத கல்லில் இதைவிடப் படுக்கையாகச் சரிவு வைத்தால் ஓரம் உடைந்து விழும், பாரம் நடுவிலேயே நிற்கும். பிற்காலத்தில் சிகாகோவில் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி இதே வேலையை இரண்டு மூன்று அடி கனத்துக்குள் முடித்தார்கள். இரும்புக்கு இழுவிசை தாங்கும் குணம் உண்டு. ரிச்சர்ட்சனிடம் கல்தான் இருந்தது.

பிரமிடுக்கும் எடை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஒன்றின் கனஅளவு சுமார் 8,600 கன அடி. கருங்கல்லுக்குக் கன அடிக்கு 165 பவுண்டு வைத்தால் 14 லட்சம் பவுண்டு, நான்குக்கும் 57 லட்சம். கோபுர எடையோடு இதையும் சேர்த்து 2,000 பைலுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 12,000 பவுண்டுக்குச் சற்று மேல் வரும். பத்து அங்குலக் குறுக்களவுள்ள நல்ல மரத்துக்கு இது பெரிய சுமையே இல்லை. இந்தக் கட்டடத்தில் பலவீனமான கண்ணி மரத்தின் வலிமையில் இல்லை. ஒன்று கீழே களியில் இருக்கிறது, மற்றொன்று மேலே தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது.

கட்டடம்

மேல்வேலையை வூஸ்டர் ஊரைச் சேர்ந்த நார்க்ராஸ் சகோதரர்கள் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ரிச்சர்ட்சனின் பெரிய வேலைகள் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். சுவருக்கு டெடம் கருங்கல், அலங்காரத்துக்கு லாங்மெடோ மணற்கல். வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காக ரிச்சர்ட்சன் 1874-ல் நியூயார்க்கை விட்டு, பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் குடியேறினார். வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டார். உள்ளே வண்ணம் தீட்டும் பொறுப்பு ஜான் லா ஃபார்ஜுக்கு. அவருக்குக் கிடைத்தது சில மாதங்கள்தான், அதுவும் குளிர்காலத்தில், சாரத்தின் மேல். 1877 பிப்ரவரி 9 அன்று ஆலயப் பிரதிஷ்டை நடந்தது. மேற்கு முகப்பின் மண்டபமும் அந்தப் பக்கச் சிறு கோபுரங்களும் அப்போது இல்லை. 1890-களில் அவருடைய வாரிசு நிறுவனம் கட்டிச் சேர்த்தது.

1885-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களிடம் நாட்டின் பத்துச் சிறந்த கட்டடங்கள் எவை என்று ஒரு தொழில் பத்திரிகை கேட்டது. டிரினிட்டி முதலிடம். பத்தில் ஐந்து ரிச்சர்ட்சனுடையவை. அப்போது அவர் பிட்ஸ்பர்க்கில் அலகெனி மாவட்ட நீதிமன்றத்தையும் சிகாகோவில் மார்ஷல் ஃபீல்டு மொத்த விற்பனைக் கிடங்கையும் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் முடிவதற்குள், 1886 ஏப்ரல் 27 அன்று, நாள்பட்ட சிறுநீரக நோயால் 47 வயதில் இறந்தார். கிடங்கை 1930-ல் இடித்தார்கள். நீதிமன்றம் நிற்கிறது.

தண்ணீர் இறங்கியபோது

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க நீரில் மூழ்கிய மரத்துக்கு ஈரம் உண்டு, காற்று இல்லை. அதனால் நூற்றாண்டுகள் கெடாமல் இருக்கும். முழுக்கக் காய்ந்த மரத்துக்கும் ஆபத்து குறைவு. இரண்டுக்கும் நடுவில், நீர்மட்டம் சற்றே இறங்கி, மண்ணின் ஈரத்தில் நனைந்தபடி காற்றும் படும் நிலைதான் மோசம். பைலின் தலை அங்கேதான் இருக்கிறது. ஓரிரு அடி இறக்கம் போதும், சில ஆண்டுகளில் தலை மட்டும் பஞ்சாகிவிடும். நாலடி கீழே அதே மரம் புதிதாக வெட்டியதுபோல் இருக்கும்.

தலை போன பைல் தன் பங்குச் சுமையைப் பக்கத்துப் பைல்களுக்குத் தள்ளும். வெளியே தெரியும் அடையாளங்கள் தாமதமாகத்தான் வரும். படிக்கட்டு வடிவில் செங்கல் இணைப்புகளில் விரிசல், ஜன்னல் சட்டம் இறுகுவது, தரை ஒரு பக்கம் சாய்வது. அவற்றைப் பார்த்த பிறகு குழி தோண்டிப் பார்த்தால் இரும்புக் கம்பி பைலுக்குள் கையாலேயே இறங்கும்.

நீர் இறங்குவதில் இன்னொரு கேடும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால், மிதப்பு இழந்த மண்ணின் எடையால் கீழேயுள்ள களிமேல் சதுர அடிக்கு 62 பவுண்டு கூடுதல் அழுத்தம் வரும். சேறும் களியும் மேலும் அமுங்கும். அமுங்கும் மண் பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும். ஒரே நீர் இறக்கம் மேலே மரத்தை அழுகவைக்கிறது, கீழே பாரத்தைக் கூட்டுகிறது.

நீர் ஏன் இறங்கும்? பேக் பேயில் வறட்சி பெரிய காரணம் இல்லை. வீதிக்கு அடியில் போகும் சாக்கடைக் குழாய்களின் இணைப்பு விரிந்தால் நிலத்தடி நீர் அதற்குள் வடிந்துவிடும். குழாய் கசிகிறது என்றால் வெளியே கசிவது என்று நினைப்போம். இங்கே உள்ளே கசிவதுதான் பிரச்சினை. சுரங்க ரயில் பாதைகள், ஆழமான நிலவறைகளில் ஓடும் பம்புகள் இன்னொரு பக்கம். மழை நீர் மண்ணில் இறங்காதபடி மூடிய தார் வீதிகளும் கூரைகளும் மற்றொரு பக்கம்.

1929-ல் சதுக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள பாஸ்டன் பொது நூலகத்தில் விஷயம் வெளியே வந்தது. 1895-ல் திறந்த கட்டடம், ரிச்சர்ட்சனிடம் வேலை பார்த்த சார்லஸ் மெக்கிமின் வடிவமைப்பு. அதன் பைல் தலைகள் அழுகியிருந்தன. கட்டடத்தின் ஒரு பகுதிக்குக் கீழே புது அஸ்திவாரம் கொடுக்க வேண்டி வந்தது. ஆராய்ந்தபோது டிரினிட்டியையும் நூலகத்தையும் ஒட்டி ஓடும் செயின்ட் ஜேம்ஸ் வீதிச் சாக்கடை நிலத்தடி நீரை வடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சாக்கடைக்குள்ளேயே ஒரு சிறு அணை வைத்து உள்நீர் மட்டத்தை உயர்த்தினார்கள். வடிவது குறைந்து சுற்றுப்புற நீர்மட்டம் ஏறியது. டிரினிட்டியின் பைல்களுக்கு இது சரியான நேரத்தில் கிடைத்த உதவி.

அதே சதுக்கத்தில் நியூ ஓல்டு சவுத் தேவாலயம் இருக்கிறது. டிரினிட்டி கட்டப்பட்ட அதே ஆண்டுகளில், 1875-ல் முடிந்தது. 246 அடிக் கோபுரத்தை மூலையில் வைத்தார்கள். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கி 1920-களுக்குள் கோபுரம் 3 அடி சாய்ந்தது. 1931-ல் கல் கல்லாகப் பிரித்து இறக்கி, பிறகு வேறு அஸ்திவாரத்தில் தாழ்வான கோபுரம் கட்டினார்கள். ஒரே மண், ஒரே காலம். டிரினிட்டியின் கட்டடக் குழு எடையைக் குறைக்கச் சொல்லி ரிச்சர்ட்சனை நச்சரித்தது வீண் பிடிவாதம் இல்லை என்பதற்கு இதைவிட நேரான ஒப்பீடு கிடைக்காது.

அழுகிய தலையைச் சரிசெய்வது பொறுமையான கைவேலை. நிலவறைத் தரையை உடைத்து, சுவரின் நீளத்தில் மூன்று நான்கு அடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று குழி தோண்டுவார்கள். நீரை இறைத்தபடி பைலை நல்ல மரம் தெரியும் வரை, நீர்மட்டத்துக்குக் கீழே போய் அறுப்பார்கள். அதன் மேல் குட்டை எஃகுத் தூண் வைத்து, மேலே உள்ள கல்லுக்கும் அதற்கும் நடுவே ஆப்பு இறுக்கி, முழுவதையும் கான்கிரீட்டில் மூடுவார்கள். கான்கிரீட் இறுகிய பிறகுதான் அடுத்த குழி. பக்கத்துப் பக்கத்துக் குழிகளை ஒரே நேரத்தில் திறந்தால் சுவர் தொங்கிப்போகும். இறைப்பதையும் அளவோடு செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தன் பைலைச் சரிசெய்ய நாள் கணக்கில் பம்பு ஓட்டினால் அடுத்த வீட்டுக்காரரின் பைல் காயத் தொடங்கும்.

பக்கத்தில் ஒரு பள்ளம்

1968-ல் ஆலயத்துக்கு எதிரே, செயின்ட் ஜேம்ஸ் வீதிக்கு அப்பால், ஜான் ஹான்காக் காப்பீட்டு நிறுவனத்தின் 60 மாடிக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். பள்ளத்தைத் தாங்கிய எஃகுத் தகட்டுச் சுவர் களியின் அழுத்தத்தில் உள்நோக்கி வளைந்தது. சுவர் வளைந்த அளவுக்கு அதன் பின்னால் இருந்த மண் நகர்ந்து இறங்கியது. வீதி இறங்கியது, குழாய்கள் உடைந்தன, ஆலயத்தின் அஸ்திவாரம் சமமில்லாமல் இறங்கியது. கல் சுவர்களில் விரிசல் விழுந்தது.

ஆலயம் வழக்குத் தொடுத்தது. கண்ணுக்குத் தெரியும் விரிசலை அடைப்பதற்கு ஆகும் செலவைக் கணக்கிடலாம். ஆனால் கல் கட்டடம் ஒவ்வொரு தடவை வளையும்போதும் அதன் தாங்கும் சக்தியில் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது. விரிசலை அடைத்தால் அந்தப் பங்கு திரும்பி வராது. இதை எப்படிப் பணமாக்குவது? ஆலயத்தின் நிபுணர்கள் ஒரு வழி சொன்னார்கள். எவ்வளவு வளைந்தால் கட்டடத்தைப் பிரித்து மறுபடி கட்டியே ஆக வேண்டும் என்ற எல்லையை முதலில் நிர்ணயிப்பது. பக்கத்துப் பள்ளத்தால் வந்த வளைவு அந்த எல்லையை நோக்கிக் கட்டடத்தை எத்தனை சதவீதம் தள்ளியது என்று கணக்கிடுவது. பிரித்துக் கட்டும் செலவில் அதே சதவீதத்தை இழப்பீடாகக் கேட்பது. ஜூரி இதை ஏற்றது. 1987-ல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. வட்டியோடு சேர்த்துத் தொகை சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர். பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் ஆழத் தோண்டும் எவரும், எந்த நாட்டில் இருந்தாலும், இந்தத் தீர்ப்பின் கணக்குமுறையைப் படித்துவிட்டுத் தோண்டுவது நல்லது.

பிரமிடுகள் வெளியே வந்தது

2000-களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் கீழ்த்தளத்தைத் தோண்டி மக்கள் கூடும் இடமாக மாற்றினார்கள். அதுவரை மண்ணிலும் இருட்டிலும் கிடந்த கருங்கல் பிரமிடுகள் இப்போது கூடத்தின் நடுவே தெரிகின்றன. எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பதற்கு இங்கே ஒரு கறாரான வரம்பு உண்டு. தரை நீர்மட்டத்துக்குக் கீழே போனால் பம்பு வைக்க வேண்டும், பம்பு வைத்தால் மரம் காயும். குளிரூட்டலுக்கும் வெப்பமூட்டலுக்கும் கோபுரத்தைச் சுற்றி இயந்திரங்கள் வைக்க மனமில்லாமல், சுமார் 1,500 அடி ஆழத்துக்கு ஆறு கிணறுகள் பாறைக்குள் துளைத்து நிலத்தின் வெப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ரிச்சர்ட்சன் தொட முடியாத பாறையை நூற்று முப்பது ஆண்டு கழித்து வேறு காரணத்துக்காகத் தொட்டிருக்கிறார்கள்.

நகரத்து நிர்வாகமும் தாமதமாக விழித்துக்கொண்டது. 1984-ல் பீக்கன் ஹில் அடிவாரத்து வீடுகளில் பைல் தலைகள் அழுகியது தெரிந்த பிறகு, 1986-ல் பாஸ்டன் நிலத்தடி நீர் அறக்கட்டளை அமைந்தது. நிரப்பு நிலப் பகுதிகளில் அது 800-க்கும் மேற்பட்ட கண்காணிப்புக் குழாய்களில் நீர்மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. அந்தப் பகுதிகளில் புதிதாகக் கட்டுபவர்கள் மனையில் விழும் மழையில் முதல் ஒரு அங்குலத்தைச் சாக்கடைக்கு விடாமல் மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்று மண்டல விதியும் வந்தது. குழாய் என்பது நடைபாதையில் பதித்த சிறு வட்ட மூடிதான். மூடியைத் திறந்து அளவு நாடாவை விட்டு, நீர் தட்டும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த மூடிக்குப் போவார்கள். குறித்த எண்ணை அறுப்பு மட்டத்தோடு ஒப்பிடுவார்கள்: நீர் மேலே இருந்தால் மரம் நனைந்திருக்கிறது.